பச்சை மணிக்கட்டு

சலவை ஆலையில் துணி தேய்க்கிற உருளை சூடாகிவிட்டால் அதற்குக் காத்திருக்கத் தெரியாது. ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு மூலையை ஹில்க்கா பிடிக்க வேண்டும், மறுமூலையை எவெலீனா பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே இழுப்பில் உதறிக் கவ்விகளில் மாட்டினால், கவ்விகள் துணியை இழுத்துக்கொண்டு போய் உருளைக்கு அடியில் செருகும். அந்தப் பக்கம் அது தகடாகக் காய்ந்து வெளியே வரும். அதற்குள் அடுத்த விரிப்பு. குவோப்பியோ நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களின் வியர்வையும் ரத்தமும் மருந்து நாற்றமும் ராத்திரியோடு இங்கே வந்து சேரும், காலையில் வெள்ளை வெளேரென்று திரும்பிப் போகும். விடியற்காலை என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஜனவரியில் அங்கே வெளிச்சம் வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே உறைபனி; உள்ளே நீராவியில் ஹில்க்காவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஹில்க்காவுக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள் இருந்தன. விரல் கணுக்கள் வீங்கிப்போய், கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. எதிரே நிற்கிற எவெலீனாவுக்கு அவளுடைய மகள் வயது. வீட்டில் பல் முளைக்கிற குழந்தை, ராத்திரி தூக்கம் கிடையாது. இருந்தாலும் கை சளைக்காதவள்.

எவெலீனாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை உறுமியது. அவள் பார்க்கவில்லை. சட்டைக் கையை மட்டும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இலையுதிர் காலத்தில் ஆலையில் ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்து, தூங்கும்போதும் கட்டியிருக்கச் சொல்லியிருந்தார்கள். கறுப்பு ரப்பர், நடுவில் சின்ன விளக்கு. நாடித்துடிப்பை வைத்து மனதின் பாரத்தைக் கண்டுபிடித்துவிடுமாம். தாங்குகிற அளவில் இருந்தால் பச்சை, மீறினால் ஓர் உறுமலோடு சிவப்பு. வாரத்துக்கு ஒருமுறை ஹெல்சிங்கியிலிருந்து அன்னுக்கா என்கிற பயிற்சியாளர் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போனில் பேசுவாள். எப்படி மூச்சு விடுவது, எப்படித் தூங்குவது, எதை நினைக்காமல் இருப்பது என்று இதமாகச் சொல்லித் தருவாள். உழைக்கிறவனின் முதுகை அளந்து பார்த்த காலம் போய், மூச்சை அளந்து பார்க்கிற காலம் வந்துவிட்டது.

முதலில் எல்லோருக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அழுக்குத் துணி பிரிக்கிற அறையில் வேலை செய்யும் அய்லா, சனிக்கிழமை சவுனாவில், சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்கிற அறையில், பட்டையைக் கழற்ற மறந்து உட்கார்ந்துவிட்டாள். 'உங்களுக்குக் கடுமையான மன உளைச்சல். நெருங்கியவர் யாரிடமாவது பேசுங்கள்' என்று போனில் எச்சரிக்கை வந்துவிட்டது.

"பேசினேனே," என்றாள் அய்லா திங்கட்கிழமை காப்பி அறையில். "புருஷன்கிட்டதான் பேசினேன். கல்லு மேல இன்னும் ஒரு கரண்டி தண்ணி ஊத்துய்யான்னேன்."

அன்று சிரித்த சிரிப்புதான். யாருக்குப் பச்சை, யாருக்குச் சிவப்பு என்று தெரிய ஆரம்பித்ததும் காப்பி அறையில் பேச்சே குறைந்துபோனது. ஊரில் யாரும் பசிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட மாட்டார்கள்; முடியவில்லை என்று சொல்லத்தான் நாக்கு எழாது. உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட வேண்டும் என்பது ஆலையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். இப்போது அத்தனை புழுக்கத்திலும் ஒவ்வொருவராகக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். சிவப்பை மறைக்கத்தான். மேற்பார்வை பார்ப்பவர்கள் அதைக் கண்டும் காணாததுபோல் போனார்கள், வேலை நடந்தால் சரி என்று.

ஹில்க்கா மட்டும் எப்போதும்போல் மடித்தே விட்டிருந்தாள். அவளுடையது பச்சை. எந்த நேரமும் பச்சை. காப்பி அறைச் சுவரில் அவளுடைய படத்தைப் பெரிதாக மாட்டி, அடியில் 'அமைதி ஒரு பழக்கம்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். "உன்னைப் போல நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது ஹில்க்கா," என்று அன்னுக்கா போனில் சொன்னபோது அவளுக்குக் கன்னம் சூடானது. இத்தனை வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஏலக்காய் பன்னைப் பிட்டுக் காப்பியில் நனைக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தாள். அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மறைத்தது வேறு. போன வசந்த காலத்தில் உருளை முன்னால் நிற்கும்போதே அவளுடைய நெஞ்சு கட்டறுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. ஆலை டாக்டரிடம் போனால் ஆலைக்குத் தெரிந்துவிடும் என்று, ஊர்க்கோடியில் இருக்கிற பொது சுகாதார நிலையத்துக்குப் போனாள். துடிப்பை அடக்குகிற மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, அவ்வளவுதான். மகளிடம்கூடச் சொல்லவில்லை. சில வாரங்களுக்கு முன் மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக் கடைப் பெண் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "இதைப் போட்டுக்கிட்டு இந்த மாத்திரையும் சாப்பிடறீங்களா? அப்ப இது எப்பவும் நீங்க நிம்மதியா இருக்கறதாத்தான் காட்டும். நாடி ஏறவே விடாதே இது."

ஹில்க்கா பையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை.

*

திங்கட்கிழமை யார்மோ காப்பி அறைக்கு வந்தான். அப்பா கட்டிய ஆலையை இப்போது அவன்தான் நடத்துகிறான். அங்கே முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ என்றுதான் பேசுவார்கள். அதனால் யாருடைய சுமையும் குறைந்துவிடவில்லை.

"ரெண்டாவது காப்பி இடைவேளை இனிமே எல்லாருக்கும் ஒண்ணா வேணாம்னு நினைக்கிறேன்," என்றான். "யாருக்கு எப்ப ஓய்வு வேணுமோ, பட்டையே சொல்லும். அவங்க மட்டும் ஒதுங்கி நின்னு மூச்சுப் பயிற்சி செஞ்சுட்டு வரலாம். உருளை நிக்க வேண்டியதில்ல. வேகத்தையும் கொஞ்சம் ஏத்தலாம்."

தொழிற்சங்கப் பிரதிநிதி ரெயோ துவைப்புப் பகுதிக்காரன். பெரிய கையில் சின்னக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒண்ணா உக்காந்து காப்பி குடிக்கறதுல உனக்கு என்ன கஷ்டம் யார்மோ?"

"ஒண்ணாத்தான் குடிக்கணும்னு என்ன இருக்கு?"

"தனியாக் குடிச்சாக் கசக்குது."

"நான் விஞ்ஞானம் பேசறேன், நீ காப்பி பேசற."

"நாங்க வேற எங்க பேசறது? உருளை ஓடறப்ப பக்கத்துல நிக்கறவ சொல்றதுகூடக் கேக்காது. உனக்கு அது தெரியும்."

யார்மோ சிரித்துச் சமாளித்தான். எவெலீனா மெல்லக் கையைத் தூக்கினாள். "இப்ப இருக்கிற வேகமே எனக்குத் தாங்கல," என்றாள். அவள் அதைச் சொல்லப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதே எவெலீனா. உன்னோட சிவப்பு ராத்திரியிலயே ஆரம்பிச்சுடுது. அது வீட்டு விஷயம். அதுக்குத்தான் அன்னுக்கா இருக்கா," என்றான் யார்மோ, பரிவோடுதான். "ஹில்க்காவைப் பாரேன். அதே உருளை, அதே ஷீட்டு, உன்னைவிட ரெண்டு மடங்கு வயசு. பச்சையாவே இருக்கா. அப்பக் கோளாறு வேலையிலயா, ஆள்லயா?"

அத்தனை பேரும் ஹில்க்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். எவெலீனாவும் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை அது.

ஹில்க்கா மேசையில் கிடந்த பன் துணுக்குகளை விரலால் கூட்டினாள். "பழக்கந்தான்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் வாழ்நாள் முழுக்க மறக்கப்போவதில்லை.

இடைவேளையில் கைவைக்கத் தொழிலாளர்களின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. வெள்ளிக்கிழமை கைதூக்கி முடிவைச் சொல்லுங்கள், அதுவரை புது வேகத்தை ஓட்டிப் பார்ப்போம் என்று யார்மோ போய்விட்டான். யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வயதில் ஹில்க்காவால் முடிகிறது, நம்மால் முடியவில்லை என்று வெளியே எப்படிச் சொல்வது? பலரும் சம்மதித்துவிடுகிற மனதோடுதான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார்கள்.

*

புதன்கிழமை காலையில் அது நடந்தது. வேகம் ஏறியிருந்ததால் உதறுவதற்கும் மாட்டுவதற்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை. எவெலீனாவின் பட்டை உறுமியது. நின்று மூச்சுப் பயிற்சி செய் என்கிறது அது. நிற்க முடியாது, துணி வந்துகொண்டே இருக்கிறது. அவள் குனிந்து ஒரு கண நேரம் மணிக்கட்டைப் பார்த்தாள், சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். கவ்வி விரிப்போடு சேர்த்து அந்தச் சட்டைக் கையையும் கவ்விக்கொண்டது.

கத்தக்கூட இல்லை அவள். கால் தரையில் தேய்ந்துகொண்டு போகிற சத்தம்தான் ஹில்க்காவுக்குக் கேட்டது. பாய்ந்து, உருளையை நிறுத்துகிற சிவப்புக் கயிற்றை இழுத்தாள். எவெலீனாவின் கை தடுப்புக் கம்பியிலும் தட்டி உருளை நின்றது. ஆனால் அதற்குள் புறங்கை சூட்டுத் தகட்டைத் தொட்டுவிட்டிருந்தது. துணி கருகிய நாற்றத்தோடு இன்னொரு நாற்றமும் வந்தது.

கழுவுதொட்டியில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, ஹில்க்கா அவளுடைய கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவெலீனாவுக்குப் பல் கிட்டியது.

"என் தப்புதான் ஹில்க்கா. கையை மடிச்சிருக்கணும்."

"பேசாதே, தண்ணியில வச்சுக்கோ."

"எப்பப் பார்த்தாலும் சிவப்பு. உன் முன்னால அதை வச்சுக்கிட்டு நிக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நீ எப்படித்தான் இருக்கியோன்னு தினமும் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லிவிடுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று ஹில்க்காவுக்குத் தெரிந்தது. வாய் திறந்தது. வண்டி வந்துவிட்டது என்று வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மேல்சட்டையை எவெலீனாவின் தோளில் போர்த்தி அனுப்பிவிட்டு அவள் உருளைக்குத் திரும்பினாள். யார்மோ அங்கே நின்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சட்டைக் கையை மடிக்கறது விதி. அதை மீறினது அவதான். இதுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்ல."

அன்று சாயங்காலம் அன்னுக்கா போன் செய்தாள். ஹில்க்கா அடுப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்துவிட்டுச் சாப்பிடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு," என்றாள் அன்னுக்கா. "ஆனா உன்னோட பதிவைப் பார்த்து அசந்துட்டேன் ஹில்க்கா. கண் முன்னால இப்படி ஒண்ணு நடந்திருக்கு, உன் கோடு துளிக்கூட ஏறல. பச்சை. இதை வேற இடங்கள்ல எடுத்துக்காட்டாச் சொல்லலாமா? உன் பேர் வராது."

 ஒரு பெண்ணின் கை வெந்துகொண்டிருந்தபோது தன் மணிக்கட்டில் பச்சை எரிந்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் ஹில்க்காவுக்கு உறைத்தது. எழுந்து போய்க் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மாத்திரை சாப்பிடறேன்," என்றாள்.

"என்ன மாத்திரை?"

"நெஞ்சுக்கு. நாடி ஏறாது. இந்த வேலையால வந்ததுதான். பச்சையெல்லாம் மாத்திரையோட பச்சை."

 அன்னுக்கா பேசியபோது பயிற்சிக் குரல் போய்விட்டிருந்தது. "எல்லார்கிட்டயும் கேக்கணும் நான், என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு. ஒருத்தரோட இத்தனை நேரந்தான் பேசலாம்னு எனக்கும் வச்சிருக்காங்க. கேக்காம விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "என் கையிலயும் ஒரு பட்டை இருக்கு ஹில்க்கா. அது இப்ப என்ன நிறம்னு கேக்காதே."

"நான் என்ன செய்யட்டும்?"

"அதை என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்," என்றாள் அன்னுக்கா. போன் வைக்கப்பட்டது.

*

வெள்ளிக்கிழமை காப்பி அறை நிறைந்திருந்தது. உட்கார இடமில்லாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். எவெலீனாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவளுடைய கைக்குத் தோல் வைத்துத் தைக்க வேண்டியிருக்கும் என்று செய்தி வந்திருந்தது. யார்மோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சம்மதிக்கிறவங்க கையைத் தூக்கலாம்," என்றான்.

சில கைகள் தயங்கித் தயங்கி எழ ஆரம்பித்தன.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஹில்க்கா.

எழுந்து நின்றாள். தன்னுடைய படத்துக்குக் கீழேதான் நிற்கிறோம் என்று தெரிந்து இரண்டடி தள்ளி நின்றாள். எல்லோரையும் பார்த்துப் பேச வேண்டும் என்று நினைத்து வந்தவள், கடைசியில் மேசையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கு நெஞ்சுக் கோளாறு. வசந்த காலத்துல இருந்து மாத்திரை சாப்பிடறேன். நாடி ஏறாம இருக்கிற மாத்திரை. பட்டை பச்சை காட்டறது அதனாலதான். எனக்கு இது தெரிஞ்சு பல வாரம் ஆச்சு. திங்கக்கிழமை இவன் கேட்டப்பவும் தெரியும். பழக்கம்னு பொய் சொன்னேன். பாராட்டினது பிடிச்சிருந்துச்சு, வேற காரணம் இல்ல. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துத்தான் கையை இறக்கிவிட்டுச்சு. என்னாலயும் இந்த வேகத்துல முடியல. பழைய வேகத்துலயும் முடியல."

 முதலில் பேசியவள் அய்லாதான். அவள் குரலில் வேடிக்கை இல்லை.

"நான் எத்தனை ராத்திரி அழுதிருக்கேன் தெரியுமா ஹில்க்கா? எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நீ இங்க உக்காந்து பன் தின்னுக்கிட்டு இருந்த."

"ஆமா," என்றாள் ஹில்க்கா. 

ரெயோ கோப்பையை மேசையில் வைத்தான். பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, யாரிடமும் அல்லாமல் சொன்னான்: "வீட்டுக்குப் போனதும் என் பட்டையை நாய் கழுத்துல மாட்டிடுவேன். நீ நல்லாத் தூங்கற ரெயோன்னு அன்னுக்கா பாராட்டறா. சங்கத்துப் பிரதிநிதி நான்."

யாரோ பிடித்து வைத்த மூச்சை விட்டதுபோல் ஒரு சிரிப்பு வெடித்தது. மூலையில் நின்ற ஒருத்தி, தன்னுடையதைத் தங்கை கட்டிக்கொள்கிறாள் என்றாள். மடிப்புப் பகுதிக்காரன் ஒருவன், அன்னுக்காவிடம் பேசும்போதெல்லாம் தோட்ட வேலை செய்வதாகப் புளுகியதைச் சொன்னான். அவனுக்குத் தோட்டமே கிடையாது. சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. இத்தனை நாள் ஒவ்வொருவரும் தன் ஒருவருக்குத்தான் இந்தக் கேடு என்று நினைத்து, ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தோமே என்கிற வெட்கம் எல்லா முகத்திலும் தெரிந்தது.

யார்மோவின் முகம் மட்டும் கறுத்திருந்தது. "வேடிக்கை போதும். ஹில்க்கா, உடம்பு விஷயத்தை மறைச்சு உருளையில நின்னிருக்க. இது நம்பிக்கைத் துரோகம். உன்னை இங்க வச்சுக்கிறதா வேணாமான்னே நான் யோசிக்கணும்."

"யார்மோ," என்றாள் அய்லா. "அவளைத் திட்டற உரிமை எனக்கு இருக்கு. எவெலீனாவுக்கு இருக்கு. உனக்குக் கிடையாது."

"நான் உங்க நல்லதுக்குத்தான் இதைக் கொண்டுவந்தேன்."

"நல்லதுக்குன்னா உருளை வேகத்தைக் குறைச்சிருப்பே," என்றான் ரெயோ. அவன் எழுந்து நின்றான். "ஓட்டுக் கேட்டியே, எடுத்துடலாம். சம்மதம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"ஹில்க்காவுக்கு எதுவும் ஆகாதுன்னும், எவெலீனாவுக்கு நடந்தது வேகத்தாலதான்னும் நீ ஒத்துக்கிற வரைக்கும் நாங்க உருளைக்குத் திரும்பல," என்றான் ரெயோ. "ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு வேண்டியது காலையிலயே கிளம்பிடுச்சு. நாளைக்கு வேண்டியதைப் பத்தி நீ யோசி."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒருவர் பின் ஒருவராக மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை.

முற்றத்தில் அப்போதுதான் வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று பனித்தூளை வாரி அடித்தது. உருளைச் சூட்டில் நின்று பழகிய உடம்புகள் நடுங்கின. சங்க அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்கு நேரமாகும் என்று ரெயோ போனை மூடிக்கொண்டே சொன்னான். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இப்படி வேலையை நிறுத்துவதற்குச் சட்டப்படி அபராதம் வரலாம் என்று ஒருவன் முணுமுணுத்தான். வரட்டும் என்றார்கள்.

ஹில்க்கா கூட்டத்தோடு சேரவில்லை. சரக்கு வாசல் மூலையில் தனியே நின்றாள். தன்னால்தான் இவர்கள் இந்தக் குளிரில் நிற்கிறார்கள், தன்னால்தான் இத்தனை நாள் நிற்காமலும் இருந்தார்கள். எந்த முகத்தோடு போய் நடுவில் நிற்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

அய்லா கூட்டத்திலிருந்து பிரிந்து அவளிடம் வந்தாள்.

"உன்மேல எனக்குக் கோவம் போகல," என்றாள்.

"தெரியும்."

"சீக்கிரம் போகாது. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கறா. அவகிட்ட நீயே போய் உன் வாயால சொல்லணும்."

"சாயங்காலம் போறேன்."

"நானும் வரேன். நீ சொல்றதைக் கேக்கணும் எனக்கு."

ஹில்க்கா தலையசைத்தாள். கண்ணில் நீர் கட்டியது, குளிரால் என்று சொல்லிக்கொள்ளலாம். அய்லா அவளுடைய மேல்சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள், இதமாக ஒன்றும் இல்லை.

"கோவம் வேற, இது வேற. இங்கே நிக்காதே, காத்து அடிக்குது. நடுவுல வந்து நில்லு."